தேசபக்தி ஒரு மத அறமா?



சிதம்பரம் நடராஜர் கோயிலில் சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் ஒரு வழக்கம் உண்டு. தேசியக் கொடியைத் தட்டில் வைத்து நடராஜர் சந்நிதியில் பூஜை செய்வார்கள். பிறகு தீட்சிதர்கள் அதை எடுத்துச் சென்று கிழக்குக் கோபுரத்தின் உச்சியில் ஏற்றுவார்கள். பல ஆண்டுகளாக நடக்கும் இதைப் பத்திரிகைகளும் தவறாமல் படம் போடுகின்றன. பார்க்க நன்றாகவே இருக்கும். எனக்கும் பிடிக்கும்.

ஆனால் ஒரு கேள்வி வருகிறது. நாட்டை நேசிப்பது சாமி கும்பிடுவதில் ஒரு பகுதியா? நல்ல இந்துவோ, நல்ல முஸ்லிமோ, நல்ல கிறிஸ்தவனோ ஆக வேண்டும் என்றால் நல்ல தேசபக்தனாகவும் இருந்தே தீர வேண்டுமா?

முதலில் சொல்லையே பாருங்கள். 'தேசபக்தி' என்கிறோம். அதிலேயே பக்தி இருக்கிறது. 'நாட்டுப்பற்று' என்றும் சொல்கிறோம். அங்கே இருப்பது பற்று. வேடிக்கை என்னவென்றால், நம் சமயங்கள் எல்லாம் பற்றை விடு என்றுதான் சொல்லிக்கொடுக்கின்றன! ஒரே உணர்வுக்கு ஒரு பெயர் கோயிலுக்குள் போகிறது, இன்னொரு பெயர் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

திருவள்ளுவர் என்ன செய்திருக்கிறார் என்று பார்த்தால், 'அன்புடைமை' அறத்துப்பாலில் 8-ஆவது அதிகாரம். 'நாடு' 74-ஆவது அதிகாரம், அதுவும் பொருட்பாலில். அந்த அதிகாரத்தில் நாட்டை வணங்கு என்று எங்கும் சொல்லவில்லை. பசி, நோய், பகை இல்லாமல் இருப்பதுதான் நாடு என்கிறார். அதாவது மக்களிடம் நாடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவர் கவலை.

இன்னொரு கதை கடலூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பர் என்னும் திருநாவுக்கரசர் நம் மாவட்டத்துத் திருவாமூரில் பிறந்தவர். சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பியதற்காகப் பல்லவ மன்னன் அழைத்தபோது, தான் சிவனுக்கு மட்டுமே ஆள் என்று சொல்லிப் போக மறுத்தார். கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தார்கள். அந்தக் கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர் அருகே கரை சேர்ந்தார் என்பது பெரிய புராணம். கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரே அதற்குச் சாட்சி என்பார்கள்.

"அவர் எதிர்த்தது ராஜாவைத்தானே, நாட்டை இல்லையே" என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் ராஜாதான் நாடு. நாட்டின் ஆணை ஒரு பக்கம், கடவுள் ஒரு பக்கம் என்று வந்தபோது நம் ஊர் அடியார் எந்தப் பக்கம் நின்றார் என்பதில் சந்தேகமே இல்லை.

இந்தக் கதையின் பின்பாதியைப் பலர் சொல்வதில்லை. மன்னனும் பிறகு சைவனானான். பாடலிபுத்திரம் எனப்பட்ட நம் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சமணப் பள்ளிகளை இடித்து, அந்தப் பொருளைக் கொண்டு திருவதிகையில் சிவன் கோயில் கட்டினான் என்று அதே பெரிய புராணம் சொல்கிறது. அப்பரைக் கட்டிய கல் அவிழ்ந்தது. அடுத்து அது வேறு ஆட்கள் முதுகுக்குப் போனது. அரசும் மதமும் ஒன்றாகிவிட்டால் கல் யார் முதுகில் என்பது மட்டும்தான் மாறும்.

கடல் தாண்டினால் இலங்கை. துட்டகைமுனு எல்லாளனை வென்ற பிறகு, இத்தனை உயிர்களைக் கொன்றுவிட்டேனே என்று வருந்துகிறான். துறவிகள் வந்து, இறந்தவர்களில் மனிதர்கள் என்று கணக்கில் வருபவர்கள் ஒன்றரைப் பேர்தான் என்று ஆறுதல் சொல்கிறார்கள். மகாவம்சத்தின் 25-ஆவது அதிகாரத்தில் இது இருக்கிறது. எறும்பையும் மிதிக்காதே என்று சொன்ன மதம் இது! அந்த மன்னனின் மனசாட்சி சரியாகத்தான் வேலை செய்தது. நாட்டுக்காக என்ற பெயரில் மதம் வந்து அதைத் தூங்க வைத்துவிட்டது. என் பயம் எல்லாம் இங்கேதான். தவறு செய்யும் நாட்டைத் தட்டிக் கேட்க வேண்டிய இடத்தில் இருப்பது மதம். நாட்டை நேசிப்பதே புண்ணியம் என்று அது சொல்லத் தொடங்கினால், பிறகு கேட்பது யார்?

இதற்குப் பதிலாகப் பாரதியைக் காட்டுவார்கள். நியாயமான பதில்தான். வந்தே மாதரம் பாடலைத் தமிழாக்கியவர், தேசத்தைத் தாயாக, தெய்வமாகக் கண்டவர். 1918 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வெளியே வந்ததும் கைதாகி நம் கடலூர்ச் சிறையில்தான் இருந்தார். அடிமைப்பட்டுக் கிடந்த ஜனங்களுக்கு அந்தத் தெய்வ வடிவம் தைரியம் கொடுத்தது, மறுக்க முடியாது. ஆனால் அதே வடிவம் எல்லோருக்கும் பொருந்தவில்லை. 1937-ல் காங்கிரஸ் செயற்குழு, வந்தே மாதரத்தின் முதல் இரண்டு பத்திகளை மட்டும் பாடலாம் என்று முடிவு செய்தது. பிந்தைய பத்திகளில் துர்க்கை வருவதால், ஒரே இறைவனை மட்டும் வணங்கும் முஸ்லிம்களால் அதைப் பாட முடியாது என்பதுதான் காரணம். ஜெயிலுக்குப் போன தலைவர்கள் எடுத்த முடிவு அது. அவர்களுக்கு யாரும் தேசபக்தி சொல்லித்தர வேண்டியதில்லை.

1985-ல் கேரளத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியில் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. கடவுளைத் தவிர வேறு எதையும் துதிக்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. பள்ளியிலிருந்து நீக்கினார்கள். பிஜோ இமானுவேல் வழக்கு என்று சொல்லப்படும் இதில் உச்ச நீதிமன்றம் 1986 ஆகஸ்டில் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தது. எழுந்து நின்றதே போதும், பாடாமல் இருந்தது அவமரியாதை ஆகாது என்றது. அந்தப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்ததால் நம் நாடு சிறுத்துப் போனதா? எனக்கு அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகுதான் இந்த நாட்டின் மேல் கூடுதலாக ஒரு மதிப்பு வந்தது.

அப்படியானால் நாட்டுப்பற்று தப்பா? இல்லை. தாய் மேல் பிள்ளை வைக்கும் பாசம் மாதிரி அது இயல்பானது. பாசம் வைத்ததற்காக யாரும் புண்ணியம் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தோம் என்பதில்தான் அறம் இருக்கிறது.

எங்கள் முதுநகரில் 1890-ல் பிறந்த அஞ்சலை அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். 1927-ல் சென்னையில் நீல் சிலையை அகற்றும் போராட்டத்தில் சிறுமியான தன் மகளோடு சிறைக்குப் போனார். 1934-ல் காந்தி கடலூர் வந்தபோது அவரைச் சந்திக்கத் தடை இருந்ததால், பர்தா அணிந்து குதிரை வண்டியில் போய்ப் பார்த்தார் என்று சொல்வார்கள். அது எந்த மதத்து உடை என்ற கேள்வி அந்த வண்டியில் ஏறவே இல்லை! பிற்காலத்தில் தீர்த்தாம்பாளையம் மக்கள் தண்ணீருக்குத் தவித்தபோது வீராணத்திலிருந்து வாய்க்கால் வரப் பாடுபட்டார். அதற்கு அஞ்சலை வாய்க்கால் என்றே பெயர்.

தாகத்துக்குத் தண்ணீர் கொடு என்று சொல்லாத மதம் உண்டா? அந்த வாய்க்காலை எந்த மதக்காரரும் புண்ணியம் என்றுதான் சொல்வார். ஆக, என் கருத்து இதுதான். நாட்டுப்பற்று பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தண்ணீராகப் போய்ச் சேர்ந்தால் அது அறம். "நீ எவ்வளவு பக்தன், நிரூபி" என்று அவனிடம் கேட்கும் சோதனையாகப் போனால், அதை எந்தச் சந்நிதியில் வைத்துப் பூஜை செய்தாலும் அறம் ஆகாது.

கோபுரத்தின் மேல் கொடி பறக்கட்டும், எனக்கு மகிழ்ச்சிதான். அந்தக் கொடியின் கீழே சாமி கும்பிடாதவனும், வேறு சாமி கும்பிடுபவனும், எழுந்து நின்றும் பாடாமல் இருப்பவனும் பயமில்லாமல் நடக்க முடிகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்வோம்.

உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.