கம்ப்யூட்டர் கடிகாரத்திற்கு எவ்வளவு துல்லியம் வேண்டும்?

திரையின் வலது கீழ் மூலையில் ஓடும் கடிகாரத்தைப் பலரும் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். அண்மையில் நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் வங்கியின் தளம் திறக்கவில்லை. பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கை மட்டுமே வந்தது. பார்க்க வந்த சர்வீஸ் ஆள், "வைரஸ் சார், பார்மட் செய்தாக வேண்டும்" என்று சொல்லிவிட்டார். நான் தேதியைப் பார்த்தேன். பல ஆண்டுகள் பின்னால் இருந்தது! மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டருக்குள் நேரம் காட்டுவது ஒரு சிறு குவார்ட்ஸ் துண்டு. விநாடிக்கு 32,768 முறை அதிரும். மாதத்திற்குச் சில விநாடிகள், சில சமயம் ஒரு நிமிடம் கூட முன்பின் ஆகும். இதைவிட உயர்ந்ததை வைக்கக் கூடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். உயர்ந்தது எப்படி இருக்கும் தெரியுமா?

ஹைட்ரஜன் மேசர் என்று ஒரு கருவி. 1960-ல் ஹார்வர்டில் நார்மன் ராம்சே குழுவினர் உருவாக்கியது. டெப்லான் பூசிய குமிழுக்குள் ஹைட்ரஜன் அணுக்கள் விநாடிக்கு சுமார் 142 கோடி அதிர்வுள்ள மைக்ரோவேவ் அலையைத் தருகின்றன. அணு சுவரில் மோதும்போது அதிர்வு துளி பிசகும். அதைக் குறைக்க, முழுச் சுழி வெப்பநிலைக்கு அரை டிகிரி மேல் வரை குளிர்வித்து, சுவரில் திரவ ஹீலியம் படலம் படியவைத்தார்கள். 1986-ல் இந்தக் கிரையோஜெனிக் மேசர் இயங்கியது. ஆனால் அந்தக் குளிரில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதுவதே புதுத் தலைவலியானது. இன்றும் அன்றாட வேலை பார்ப்பவை சாதாரண மேசர்களே.

2017 ஏப்ரலில் எட்டுத் தொலைநோக்கிகள் கருந்துளைகளைப் பதிவு செய்தபோது மேசர்கள்தான் நேரம் தந்தன. பதிவுகள் ஹார்ட் டிஸ்க்குகளில் விமானம் ஏறின. தென்துருவ டிஸ்க்குகள் குளிர்காலம் முடியக் காத்திருந்தன. முதல் படம் 2019-ல் வந்தது.

அங்கே அது தேவை. நமக்கு விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, ஏனென்றால் இலவசமாகவே வருகிறது. உலக நேரத்தைக் கணக்கிடும் அணுக் கடிகாரங்களில் மேசர்களும் உண்டு. அந்த நேரம்தான் இணையம் வழியே உங்கள் கம்ப்யூட்டருக்கு வருகிறது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டேட் அண்ட் டைம் சென்று 'சிங்க் நவ்' கிளிக் செய்திடுங்கள். டைம் ஸோனில் சென்னை, கொல்கத்தா என்றிருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். தேதி வெகுவாகத் தள்ளியிருந்தால் முதலில் கையால் மாற்றிவிடுங்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் தேதி பின்னுக்குப் போனால், சி.ஆர்.2032 பேட்டரியை மாற்றுங்கள். நண்பர் மாற்றிவிட்டார், பார்மட் செய்யவில்லை.