குழாய்க்கு ஒரு பொட்டு

சகோதரிகளே, ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? நம் வீடுகளில் யாரும் யாருக்கும் 'நன்றி' சொல்வதில்லை. மேடையில் நன்றியுரை உண்டு. அடுப்பங்கரைக்குள் அந்த வார்த்தை நுழைவதே கிடையாது. காபி கொடுத்ததும் கணவர் 'நன்றி' என்றால், ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம்!

வார்த்தையில் இல்லையென்றால் அது வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் என் மாமியார்.

அவர் கும்பகோணத்துக்காரர். ஆடிப் பதினெட்டு அன்று படித்துறையில் காவிரிக்கு மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி வைத்து, சித்திரான்னம் படைத்துப் பழகியவர். சென்னையில் எங்கள் மூன்றாவது மாடிக்கு வந்த பிறகு ஆற்றுக்கு எங்கே போவது? சமையலறைக் குழாய்க்கு மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்துக் கும்பிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னம்மா சிரிக்கிறே? வீராணத்துத் தண்ணிதானே வருது? அதுவும் காவேரிதான்" என்றார்.

வாஸ்தவம். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போவது காவிரி நீர்தான். 2004-லிருந்து அது குழாய் வழியே சென்னைக்கும் வருகிறது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த பூகோளத்தைவிட மாமியாரின் பூகோளம் கெட்டி.

பிறகு வந்தது 2019. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வறண்டுபோன வருஷம். ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்ததே, நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் 'புஸ்' என்று காற்றுதான். அரிசி களைந்த நீரில் காய் கழுவி, அதையே கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். (அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. செடியும் செழிப்பாகத்தான் இருக்கிறது.)

குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் கொண்டு வந்தவர் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் ஆயா. அவர் தெருவுக்கு லாரி வரும். தினம் இரண்டு குடம், மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. குடத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்துவிடுவேன். கணக்குத் தீர்ந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேரமானால், "என்ன ஆயா, உலை வைக்க வேணாமா?" என்று எரிந்து விழவும் செய்தேன்.

அந்த வருஷ ஆடிப் பதினெட்டு. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மாமியார் மஞ்சள் கிண்ணத்தோடு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆயா படியேறி வந்து குடத்தை இறக்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மாமியார் குடத்துக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு ஆயாவைப் பார்த்து, "உங்க வீட்டுக்கு மொத்தம் எத்தனை குடம் பிடிக்க விடறான்?" என்று கேட்டார்.

"நாலும்மா."

நாலில் இரண்டு எங்களுக்கு! இரண்டு மாதமாக ஒரு நாளாவது இதைக் கேட்க எனக்குத் தோன்றியதா? அந்த இரண்டு குடத்தில் அங்கே எத்தனை பேர் குடித்தார்களோ, குழந்தைகள் குளித்தார்களோ இல்லையோ! எனக்கு முகம் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மாமியார் எதுவும் பேசவில்லை. காவிரிக்கு என்று வைத்திருந்த ரவிக்கைத் துண்டை வெற்றிலைபாக்கோடு ஆயா கையில் கொடுத்தார். சாமிக்குப் படைத்த எலுமிச்சம்பழ சாதத்தில் முதல் கரண்டியும் அவருக்குத்தான்.

மறுநாளிலிருந்து ஒரு குடம் போதும் என்று சொல்லிவிட்டேன். பாக்கிக்குக் கேன் தண்ணீர். பணம் கொஞ்சம் இடித்தது, சமாளித்தோம். ஆயாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. 'நன்றி' என்றால் நாடகம் மாதிரி இருக்கும், 'தப்பா நினைக்காதீங்க' என்றாலும் சரியாக வரவில்லை. கடைசியில் என் காபியை ஆற வைத்துவிட்டு, முதல் டிகாக்ஷனில் அவருக்குக் கலந்து, உட்கார வைத்துக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார் ஆயா.

"இன்னாம்மா, இன்னிக்கு சர்க்கரை தூக்கலா கீது?"