இணைய வியாபாரமும் வாங்குவோர் பாத்தியதையும்

கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிறவன் அதைக் கையிலெடுத்துப் பார்க்கிறான், தட்டிப் பார்க்கிறான், திருப்தியில்லாவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறான். இவ்வழக்கத்தை ஆதாரமாகக் கொண்டே, வாங்குபவன்தான் ஜாக்கிரதையாயிருக்க வேண்டுமென்ற ஆங்கிலச் சட்டக் கொள்கை நிலைத்தது. நமது 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவிலும் அது சில விலக்குகளுடன் இடம்பெற்றிருக்கிறது. இணைய வியாபாரத்திலோ வாங்குபவன் காண்பது படம் ஒன்றையே. படத்தைத் தட்டிப் பார்ப்பது எங்ஙனம்?

இக்கேள்விக்கு ஐரோப்பிய யூனியன் தெளிவாக விடை கூறியிருக்கிறது. 2011-ல் பிறந்து 2014 ஜூன் முதல் அமலுக்கு வந்த அதன் கட்டளைப்படி, சரக்கு கைக்கு வந்த 14 நாட்களுக்குள், காரணம் எதுவும் சொல்லாமலே, வாங்கியவன் ஒப்பந்தத்தினின்று விலகிக்கொள்ளலாம். இந்தப் பாத்தியதையை வியாபாரி முன்கூட்டித் தெரிவிக்கத் தவறினால் அவகாசம் மேலும் 12 மாதங்கள் நீளும். இது வியாபாரிக்கு அநீதி என்பாருண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. விரைவில் கெட்டுப்போகும் பண்டங்களுக்கும், ஒருவருக்கென்றே தனியாகச் செய்த சாமான்களுக்கும் விலக்குண்டு. திருப்பியனுப்பும் செலவு சாதாரணமாக வாங்கியவனுடையதே. கடையில் பார்க்கக்கூடிய அளவுக்கு மேல் உபயோகித்து மதிப்பைக் குறைத்தவன் அந்த நஷ்டத்துக்கும் பொறுப்பாளியாவான். சீனாவிலும் 2014 மார்ச் முதல் 7 நாள் அவகாசம் உண்டு.

அமெரிக்காவின் நிலைமை விநோதமானது. வீடு தேடி வந்து விற்பவனிடம் வாங்கினால் 3 நாட்களுக்குள் ரத்து செய்ய அங்குள்ள மத்திய விதி இடங்கொடுக்கிறது. இணையத்தில் வாங்கியதற்கு அவ்விதி பொருந்தாது. ஆளை நேரில் கண்டவனுக்குள்ள தயவு, ஆளையும் சரக்கையும் காணாதவனுக்கு இல்லை!

நம் நாட்டில் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு பெரிய நன்மை செய்திருக்கிறது. வாங்கியவன் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். 2020 ஜூலையில் வெளிவந்த விதிகளின்படி, முறையீட்டை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் பரிகாரம் செய்யவேண்டும். பழுதான, போலியான, விளம்பரத்துக்கு மாறான சரக்கைத் திரும்ப ஏற்க மறுக்கலாகாது. ஆனால் பழுதொன்றுமின்றி, நேரில் பார்த்ததும் மனத்துக்கு ஒவ்வாத சரக்கைத் திருப்பும் பாத்தியதை அவ்விதிகளில் இல்லை. அது விற்பவன் தானே எழுதிக்கொண்ட நிபந்தனைகளைப் பொறுத்தது.

விற்பவன் யார் என்பதே அடுத்த வில்லங்கம். சந்தை நடத்தும் கம்பெனி, தான் இடங்கொடுத்தவனேயன்றி வியாபாரியல்ல என்கிறது. கமிஷன் அதற்கு, பணம் வசூலிப்பது அது, பல சமயங்களில் மூட்டை கட்டி அனுப்புவதும் அதுவே. 2019 ஜனவரியில் அமலான சீனச் சட்டம், விற்பவனின் தவற்றை அறிந்திருந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டியிருந்தும், வாளாவிருந்த சந்தைக்காரனை விற்பவனோடு கூட்டுப் பொறுப்பாளியாக்குகிறது. விற்பவன் அஜாக்கிரதையால் சரக்கைக் கொடுக்கத் தவறினால் சந்தைக்காரன் ஈடுசெய்யவேண்டுமென்ற ஷரத்து நம் சர்க்கார் 2021 ஜூனில் வெளியிட்ட திருத்த நகலிலும் இருந்தது. அவ்வருஷம் அது விதியாகவில்லை; அடுத்த வருஷமும் ஆகவில்லை. மத்திய சர்க்கார் அந்த ஷரத்தைச் சட்டமாக்க வேண்டும். ஐரோப்பாவின் 14 நாட்கள் அதிகமென்று தோன்றினால், சீனாவின் 7 நாட்களையாவது விதிகளிலே எழுதட்டும்.