கேள்வித்தாள் டாக்டர் ஆகாது

பெருந்துறையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். இரண்டு வயது மகன் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று இன்டர்நெட்டில் ஆட்டிசம் கேள்வித்தாளை நிரப்பினார். மதிப்பெண் 5 வந்தது. வீடே அழுதது.

எம்-சாட்-ஆர் என்ற அந்தத் தாளில் 20 கேள்விகள் உள்ளன. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு மட்டுமே அது பொருந்தும். 3 முதல் 7 வந்தால், தொடர் கேள்விகளையும் கேட்ட பிறகே அடுத்த முடிவு. 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக மருத்துவப் பரிசோதனைதான். எதுவானாலும் இது சல்லடைதான், தீர்ப்பு அல்ல. மதிப்பெண் குறைந்தாலும் சந்தேகம் இருந்தால் விடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: பதில்களைப் பிரிண்ட் எடுத்துக் குழந்தைகள் நல டாக்டரிடம் காட்டுங்கள். காது பரிசோதனையும் கேளுங்கள். "பையன் லேட்டாத்தான் பேசுவானுங்க" என்று காத்திருக்க வேண்டாம்.