தகவல் யார் வீட்டுச் சொத்து?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் நம் தெருக்களில் ஒரே கேள்விதான்: "பிள்ளையை அடுத்து எதில் சேர்ப்பது?" ஊர்த்தெருவில் இதற்கு வீட்டுக்குள்ளேயே பதில் இருக்கிறது. சித்தப்பா தாலுகா அலுவலகத்தில் இருப்பார்; மாமா ஆசிரியராக இருப்பார். எந்தப் படிப்புக்கு எந்த வேலை, எப்போது விண்ணப்பம், என்ன சான்றிதழ் என்பதெல்லாம் சாப்பிடும்போது பேசும் பேச்சிலேயே பிள்ளையின் காதில் விழுந்துவிடும். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் நம் பிள்ளைக்கு அப்படியொரு சித்தப்பாவும் மாமாவும் இல்லை. அவனுக்குப் பதில் சொல்வது பேருந்து நிறுத்தத்தில் கட்டிய பிளக்ஸும், கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டும்தான்.

நிலத்தைப் போல, தகவலும் இங்கே தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் சொத்து. இடஒதுக்கீட்டுக்காகக் குரல் கொடுத்த அளவுக்கு நாம் இதைப் பற்றிப் பேசவில்லை.

குடுமியான்மலையையே எடுத்துக்கொள்வோம். அண்ணா பண்ணை இருக்கிற ஊர். 2014இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரியும் இங்கே வந்தது. அந்த இளநிலை வேளாண்மைப் படிப்பில் சேர, மேல்நிலையில் அறிவியல் பாடங்களையோ தொழிற்கல்வியில் வேளாண் பிரிவையோ எடுத்திருக்க வேண்டும். வெறும் வணிகவியல் பிரிவு எடுத்த பிள்ளை, எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும், தன் ஊர்க் கல்லூரிக்கே விண்ணப்பம் போட முடியாது. பதினொன்றாம் வகுப்பில் சேரும் அந்த ஒரு நாளிலேயே முடிவாகிவிடுகிற விஷயம் இது. வணிகவியல் படிப்பதில் தவறில்லை. எதை விட்டுவிட்டு எதை எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுப்பதுதான் தவறு.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு வேளாண்மை, பொறியியல், சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நம் ஊர்களில் எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்?

வேலை பற்றிய செய்தி எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான், 1945இல், படையிலிருந்து திரும்புவோருக்காக வேலைவாய்ப்பு அலுவலகங்கள் அமைக்கப்பட்டன. பிறகு அவை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. சிபாரிசுக்கு ஆள் இல்லாதவனுக்குப் பதிவு மூப்பே சிபாரிசாக இருந்தது. நம் மூத்தவர்களில் பலர் அப்படித்தான் அரசு வேலைக்குப் போனார்கள்.

1996இல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலை மட்டும் பார்த்து ஆள் எடுக்கக் கூடாது, பத்திரிகைகளிலும் விளம்பரம் செய்து எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது. இன்று பெரும்பாலான அரசு வேலைக்குப் போட்டித் தேர்வுதான் வழி. ஆனாலும் "கார்டு போட்டிருக்கேன், லெட்டர் வரும்" என்று காத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பதிவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பியுங்கள். பதிவு செய்து ஐந்து ஆண்டு வேலையின்றிக் காத்திருப்போருக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு உதவித்தொகை உண்டு. எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 45 வயது வரை. ஆனால் பதிவை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

அப்படியானால் எதை நம்புவது? டிஎன்பிஎஸ்சி ஒவ்வொரு ஆண்டும் தேர்வுகளின் ஆண்டுத் திட்டத்தை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதைப் பார்க்கப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. நமக்குத் தேர்வுக் கட்டணமும் கிடையாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்கான சான்றிதழைப் படித்த பள்ளிகளில் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் அலைந்து வாய்ப்பை இழந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள், மியான்மருக்குக் கடத்தப்பட்டு இணைய மோசடி செய்யும்படி வதைக்கப்பட்டார்கள். ஏஜென்ட்டிடம் முதலில் கேட்க வேண்டியது மத்திய அரசு வழங்கிய உரிம எண். உரிமம் உள்ளவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 முதல் இந்த வேலைக்காகவே இருக்கிறது.

இத்தனையும் அரசு இணையதளங்களில் இருக்கின்றன என்று அதிகாரிகள் சொல்லலாம். இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் எதைத் தேடுவது என்று தெரிந்தவனுக்குத்தான் இணையதளம் பயன்படும்.

எனவே நாம் கேட்பது மூன்று. மே 1 கிராம சபையில், அந்த ஆண்டின் சேர்க்கை விவரம், உதவித்தொகை, தாட்கோ பயிற்சிகள், தேர்வுத் தேதிகளை வாசித்துக் காட்ட வேண்டும். அந்தத் தாளை நம் தெருவிலும் ஒட்ட வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மைய அலுவலர்கள் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் நேரில் வர வேண்டும். ஐடிஐ ஆனாலும் தனியார் கல்லூரி ஆனாலும், கடந்த ஆண்டு படித்து முடித்தவர்களில் எத்தனை பேர், எந்த வேலையில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்ற கணக்கைச் சேர்க்கைப் படிவத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. நம் தெருவில் படித்து வேலைக்குப் போனவர்கள் இப்போது ஒருசிலராவது உண்டு. திருவிழாவுக்கு வரும்போது ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளோடு திண்ணையில் உட்காருங்கள். உங்களுக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.