தொழுநோய்: வலிக்காத படையைத் தேடிப் போக வேண்டும்

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியும், 70 கொண்டை ஊசி வளைவுகளும், ஆகாய கங்கை அருவியும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். தொழுநோய் மருத்துவ வரலாற்றிலும் இந்த மலைக்கு ஓர் இடம் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1914ஆம் ஆண்டு இந்த மலையில் ஊழியம் செய்துவந்த ஓர் ஆங்கிலேயத் தம்பதிக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். மருத்துவம் படித்து, 1946ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்று அப்போது நம்பினார்கள். அது தவறு என்று அவர் காட்டினார். நரம்பு பழுதாகி வலி தெரியாமல் போவதால் சூடுபட்ட இடத்திலேயே மறுபடியும் சூடு படுகிறது, காயம் பட்ட இடத்திலேயே மறுபடியும் காயம் படுகிறது. விரல்கள் குறைவது அதனால்தான்.

நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியாததற்கும் இந்த வலியின்மைதான் காரணம். பல் வலித்தால் மனிதன் டாக்டரிடம் ஓடுகிறான். தொழுநோயின் முதல் அடையாளமோ வெளிறிய அல்லது சிவந்த ஒரு படை. அரிக்காது, வலிக்காது, தொட்டாலும் உணர்ச்சி இருக்காது. கொல்லிமலையின் ஊர்கள் 'நாடு' என்ற பிரிவுகளாக இருக்கின்றன. அதில் ஒன்றான திருப்புலி நாட்டில் மிளகு பறிக்கும் ஒருவருக்கு முதுகில் இப்படி ஒரு படை வந்தால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவாரா? "தேமல்தானே" என்று இருந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா 2005 டிசம்பரில் எட்டியது. நோயே ஒழிந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். ஆனால் 2023ல் உலகம் முழுவதும் புதிதாகக் கண்டறியப்பட்ட 1,82,815 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் இருந்தார்கள். சராசரிக் கணக்கில் ஒரு குக்கிராமம் காணாமல் போய்விடும். தேடாத இடத்தில் எண்ணிக்கையும் குறைவாகத்தான் இருக்கும். எனவே ஓர் ஊரில் புது நோயாளிகள் அதிகம் தெரியவந்தால் அங்குள்ள ஊழியரைத் திட்டக் கூடாது, பாராட்ட வேண்டும்.

கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981ல் பரிந்துரைத்தது. மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகிவிடும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மையும் போய்விடும். ஆனால் கிருமியைக் கொல்லும் மருந்தால் முழுதும் பழுதான நரம்பை மீட்க முடியாது. நோய் குணமான பிறகும் மரத்துப்போன கை மரத்த கைதான். தாமதத்தின் விலை இதுதான்!

என்ன செய்யலாம்? தமிழக அரசு 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அப்படிப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் தோலையும் பார்க்க வேண்டும். பெண்களைப் பெண் ஊழியர்களே பார்க்க வேண்டும். இதற்கு எந்திரம் எதுவும் தேவையில்லை. கண்ணை மூடச் சொல்லி, படையின் மேல் பேனா முனையால் லேசாகத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னாலே சந்தேகத்துக்கு இடமானவர் யார் என்று தெரிந்துவிடும். பள்ளி ஆசிரியர்களுக்கும் இதைக் கற்றுக்கொடுக்கலாம்.

ஒருவருக்கு நோய் உறுதியானால் அந்த வீட்டில் உள்ள அனைவரையும் பரிசோதிக்க வேண்டும். கிருமி தொற்றி அறிகுறி தெரிவதற்குச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகலாம். ஆகவே ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிட முடியாது, ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். உடன் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்து நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கலாம் என்று 2018ல் உலக சுகாதார நிறுவனம் கூறியது.

இன்னொன்று, பயம். நோயாளிகளை ஒதுக்கி வைத்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016ல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் வழி 2019ல் அடைக்கப்பட்டது. சட்டம் மாறிய வேகத்தில் ஊர்ப் பேச்சு மாறவில்லை. மகளின் கல்யாணம் நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறவர் படையைச் சட்டைக்குள் மறைக்கத்தான் செய்வார். பரிசோதிக்க வருபவர் ரகசியம் காப்பார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் சட்டையைக் கழற்றுவார்.

மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார் கொல்லிமலையில் பிறந்த அந்த டாக்டர். விரல் மடங்கும் முன்பே நோயைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த அறுவை சிகிச்சைக்கே வேலை இருக்காது. உணர்ச்சி இல்லாத படை யாருக்காவது இருந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வலி வராது.