வாலைப் பிடித்துச் சாப்பிடும் மீன்

நம் ஊரில் மாம்பழத்துக்கு சீசன் என்றால் ஹாலந்தில் மீனுக்கு சீசன். ஜூன் பாதியானதும் மீன் கடைகளிலும் தெருமுனை வண்டிகளிலும் கொடி கட்டி, 'புது ஹெர்ரிங் வந்தாச்சு' என்று எழுதி வைத்துவிடுவார்கள். என் நாத்தனார் மகள் ஹேக் நகரில் குடித்தனம் செய்கிறாள். அவளோடு இருந்த நாட்களில் அந்தக் கூட்டத்தை நானும் பார்த்தேன். வாலைப் பிடித்துத் தூக்கி, தலையை அண்ணாந்து, அப்படியே வாயில் இறக்குகிறார்கள்! தொட்டுக்கொள்ளப் பொடியாக நறுக்கின வெங்காயம், அவ்வளவுதான். பக்கத்துக் கடலோர ஊரான ஸ்கெவெனிங்கனில் அதற்கென்று கொடித் திருவிழாவே உண்டு. சீசனின் முதல் பீப்பாயை ஏலம் விட்டு, வரும் பணத்தை தர்மத்துக்குக் கொடுக்கிறார்கள்.

முகம் சுளிக்காதீர்கள் சகோதரிகளே, கொஞ்சம் கேளுங்கள். ஹெர்ரிங் நம் மத்திக்குச் சொந்தம்தான். வசந்த காலத்தில் கடலில் பெருகும் நுண்ணிய உயிர்களைத் தின்று தின்று கொழுக்கும். சினை பிடிக்குமுன் வலையில் விழுவதால் 'மாட்யெஸ்', அதாவது கன்னி மீன், என்று பெயர். நூற்றுக்கு 16 பங்காவது கொழுப்பு இருக்க வேண்டுமாம். செவுளையும் குடலில் கொஞ்சத்தையும் எடுத்துவிட்டு, கணையத்தை மட்டும் உள்ளேயே விட்டு, லேசாக உப்புப் போடுகிறார்கள். கணையத்தின் நொதிதான் சதையை வெண்ணெய் மாதிரி ஆக்குகிறது. நெருப்பைக் காணாவிட்டாலும் நம் மாவடு போல ஊறிப் பதமாகிறது. (அளவில்லாமல் பிடித்துப் பிடித்து மீனே அருகிப்போய், 1977-ல் வட கடலில் ஹெர்ரிங் பிடிப்பதையே நிறுத்தினார்கள். சில வருஷம் கழித்துத்தான் திரும்ப அனுமதித்தார்கள்.)

நாத்தனார் மகளுக்கு அப்போது ஐந்து மாசம். "மாமி, நாக்கு ஊறுது, ஒண்ணே ஒண்ணு சாப்பிடட்டுமா?" என்றாள்.

விசாரித்தோம். இந்த மீனின் குடலில் ஒருவகைப் புழு இருக்கும். உயிரோடு வயிற்றுக்குள் போனால் தாங்க முடியாத வலி வரும். லேசான உப்புக்கு அது சாகாது. அதனால் 1968-லிருந்து அங்கே சட்டமே இருக்கிறது: பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரில் ஒரு நாளாவது உறைய வைத்த பிறகே விற்க வேண்டும். 'புதுசு' என்று விற்பது எல்லாமே உறைந்து இளகினதுதான்! புழு விஷயம் தீர்ந்தது. ஆனால் லிஸ்டீரியா என்ற கிருமி குளிரில் சாகாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. அங்கே பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் மருத்துவச்சிதான். "அவரைக் கேட்காமல் வாயில் வைக்காதே" என்றேன். கேட்டாள். கடையில் அப்போதே சுத்தம் செய்து, ஐஸில் வைத்திருந்ததை உடனே சாப்பிடுவதானால் பரவாயில்லை என்றாராம். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. பொரித்த ஹெர்ரிங் வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு மத்தியை உப்பில் ஊறப்போட்டுப் பச்சையாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம். நம் வீட்டு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் அந்தக் குளிர் வரும் என்று நம்ப முடியாது. மத்தி கிடைத்தால் கொதிக்கிற புளிக்குழம்பில் போடுங்கள்.